கோட்டைக்குப் போன நாலாவது ஆள்

அத்தியாயம் 4

டென்மார்க் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில்: ஹோர்சன்ஸ் முத்தமிழ்ச் சங்கத்தின் தலைவரும், முதியோர் ஒன்றியத்தின் காப்பாளரும், வாழ்நாளில் மட்டை பிடித்தறியாத போதும் பட்மின்ரன் கழகத்தின் போசகரும், வரும் ஞாயிறன்று 'சேவைச் சிகரம்' என்ற விருதை ஏற்றுக்கொள்ளத் திருவுளம் கொண்டிருப்பவருமாகிய உயர்திரு இராஜநாயகம் அவர்கள், கடந்த சனிக்கிழமை குடும்ப சமேதராக ஸ்கொட்லாந்து தேசத்துக்கு எழுந்தருளி, தனி வாகனம், தனி வழிகாட்டி சகிதம் ஒரே பகலில் மூன்று கோட்டைகளையும் இரண்டு கரையோரப் பட்டினங்களையும் பார்வையிட்டு நாடு திரும்பினார்.

மனைவியைத் தவிர மற்றதெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

புதன்கிழமை பின்னேரம் துப்பறிவாளர் ஸ்ரிபன் அந்த வீட்டு அழைப்பு மணியில் விரலை வைத்தபடி நின்றார். மன்னார் ஆள். ஒரு காப்புறுதிக் கம்பனியில் நெடுங்காலம் வேலை பார்த்து, 'மரம் வந்து காரில் மோதியது' என்று எழுதி அனுப்புகிறவர்களின் கதைகளை வாசித்து வாசித்து, மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குவார்கள் என்பதைக் கற்றுக்கொண்டவர். பக்கத்தில் நின்ற உதவியாளர் கிளோறியாவுக்கு நகர பஸ் ஓட்டுவது தொழில். ஓய்வு நாட்களில் ஸ்ரிபனை விரட்டுவது பொழுதுபோக்கு.

"கெதியா அமத்துங்கோ அண்ணை. உள்ள போனால் தேத்தண்ணி கிடைக்கும்," என்றாள் கிளோறியா. "எங்கட டிப்போவில மோன்ஸ் எண்டு ஒரு டிரைவர் இருக்கிறான். சனிக்கிழமை ஆரோ பயணி குடுத்ததெண்டு எதையோ வாங்கித் திண்டுபோட்டு, உறைப்பில பஸ்ஸை ஓரமா நிப்பாட்டித் தண்ணி குடிச்சவனாம். திங்கக்கிழமை முழுக்க என்னைப் பிடிச்சுக் கேள்வி. டேனிஷ்காரனுக்கு வாய் எண்டது கதைக்க மட்டும்தான்."

"வாயைப் பற்றி நீர் கதைக்கக் கூடாது," என்று ஸ்ரிபன் மணியை அழுத்தினார்.

வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி. அதில் ஸ்கொட்லாந்து ஓடிக்கொண்டிருந்தது. மனைவி மனோன்மணி காணாமல் போய் ஐந்தாம் நாள் என்பதால் இராஜநாயகம் ஒலியை மட்டும் குறைத்து வைத்திருந்தார். சோபாவின் ஒரு முனையில் மகள் கிருபாஷினி, கண் வீங்கி, கைக்குள் கசங்கிய கடதாசிக் கைக்குட்டையோடு. மறு முனையில் மகன் ஜெனோஷன், கைபேசியோடு.

"இது முதலாவது கோட்டை," என்றார் இராஜநாயகம். "அறுநூறு வருசப் பழசு. இதைப்போல பத்து மடங்கு எங்கட ஆக்கள் கட்டினவை. ஆவணப்படுத்தேல்லை, அதுதான் பிழை."

"ஐயா, மனோன்மணி அக்கா எங்க நிக்கிறா?" என்று ஸ்ரிபன் கேட்டார்.

"கடலுக்க நீட்டிக்கொண்டு நிக்கிற கோட்டை ஒண்டு. கடைசியாப் பாத்தது அதுதான். பின்னேரம் நாலு மணி. நான் சரித்திரம் கேட்டுக்கொண்டு நிண்டனான். திரும்பிப் பாத்தால் ஆளைக் காணேல்லை."

"நான் கேட்டது படத்தில," என்றார் ஸ்ரிபன்.

"படத்தில எப்பிடி நிப்பா? படம் எடுத்ததே அவாதானே."

ஸ்ரிபன் திரையைப் பார்த்தார். கோட்டை, கொடிமரம், மேகம், முன்னால் இராஜநாயகம், மகன், வாந்தி வரும் முகத்தோடு மகள். எல்லாம் அளவாக, நேராக இருந்தன. கிளோறியா அவர் காதருகே குனிந்தாள். "போன பொங்கலுக்கு அக்கா எடுத்த படங்கள் பாத்தனீங்களோ? சங்க நிர்வாகம் முழுக்க, ஒருத்தருக்கும் தலை இல்லை. பாத்த உடன உண்மையான படம் எண்டு நினைச்சனான்."

"என்ன கதை அங்க?" என்றார் இராஜநாயகம்.

"படம் நல்லா வந்திருக்கெண்டு சொல்லுறா," என்றார் ஸ்ரிபன். "என்னை என்ன செய்யச் சொல்லுறியள் ஐயா?"

"ஒரு அறிக்கை வேணும். அந்த வழிகாட்டி கெனத் எண்டவன் கவனயீனமா இருந்து என்ர மனிசியைத் தவறவிட்டவன் எண்டு. உம்மட கையெழுத்தோட. அவன் இப்ப பொலிசுக்குக் கதையை மாத்திப்போட்டான். விமான நிலையத்தில தன்ர வான் வண்டியில மூண்டு பேர்தான் ஏறினவையாம். பச்சைப் பொய். நாங்கள் மூண்டு பேர் சாட்சி நிக்கிறம். பொலிஸ் விமானக் கம்பனியிட்டக் கேட்டால் அவங்கள் பண்டிகை லீவு முடியத்தான் பதில் சொல்லுவாங்களாம். அதுக்கிடையில அங்க கடலில சுழியோடிகள் இறங்கித் தேடுறாங்கள்."

கிருபாஷினி விசும்பினாள். இராஜநாயகம் தொண்டையைச் செருமினார்.

"ஞாயிற்றுக்கிழமை விழா இருக்கு. ஆக்களுக்கு அவா லண்டனில தங்கச்சி வீட்டில எண்டு சொல்லி வச்சிருக்கிறன். மேடையில எனக்குப் பக்கத்தில ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கப் போகுது. வடை வேற. இருநூறு வடைக்கு அவாதான் பொறுப்பு."

பேசிக்கொண்டே அவர் வலது கையைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை அந்தரத்தில் நின்றது. எதுவும் வந்து விழவில்லை. கடைசியில் கிருபாஷினி எழுந்து போய்த் தேத்தண்ணிக் கோப்பையை அதில் வைத்தாள். கை முன்னால் வந்தது. இராஜநாயகம் குடித்தார்.

ஸ்ரிபன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"அது என்னத்துக்கு?"

"அறிக்கை எண்டால் எல்லாம் இருக்கோணும்."

"மீனும் சிப்ஸும். கரையோரப் பட்டினத்தில ஒரு கடை. வரிசையில நிண்டு வாங்கினது. உறைப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. பேப்பரில சுத்தித் தந்தவன்."

"நாலு பேரும் அதைத்தான் சாப்பிட்டனீங்கள்?"

"ஓம், நாலு பேரும்," என்றார் இராஜநாயகம். ஜெனோஷன் கைபேசியை அணைத்து மறுபடி போட்டான். கிருபாஷினி நிலத்தைப் பார்த்தாள்.

ஸ்ரிபன் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். கார்க் கதவைச் சாத்தும் வரை கிளோறியா பொறுமையாக இருந்தாள். அவளுக்கு அது பெரிய சாதனை.

"ஒரு பெண் கடலில விழுந்திட்டா எண்டு சொல்லுறாங்கள். நீங்கள் மீன் துண்டைப் பிடிச்சுக்கொண்டு வாறியள்."

"கிளோறியா, மனோன்மணி அக்கா போன பயணத்தில ஆராவது கடையில சாப்பிட்டதாக் கேள்விப்பட்டிருக்கிறீரோ?"

கிளோறியா யோசித்தாள். போன கோடையில் சங்கம் ஜேர்மனி எல்லை வரை சுற்றுலா போனது. மனோன்மணி அதிகாலையில் எழும்பி மட்டன் ரோல்ஸ் பொரித்து, சம்பல் போட்ட பாண், அவித்த முட்டை, இஞ்சித் தேத்தண்ணிப் போத்தல் என்று நீலக் குளிர்பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெட்டி இறங்காத புல்வெளி டென்மார்க்கில் இல்லை. வழியில் கோழிப் பொரியல் வாங்கப் போன ஒருவரை, "பெட்டி வந்திருக்கேக்க என்ன கடை?" என்று சங்கமே திட்டித் திருப்பிக் கொண்டுவந்தது.

"பெட்டி வந்திருந்தால் மீன் வாங்கியிருக்க மாட்டினம்," என்றாள் மெதுவாக.

"பெட்டி ஏன் வரேல்லை?"

"அக்கா வரேல்லை." அவள் திறப்பைத் திருப்பாமல் இருந்தாள். "அப்ப, மத்தியானத்துக்கு முதலே ஆள் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் காணாமல் போன கோட்டைக்கு அக்கா போகவே இல்லை. படம் எடுத்ததும் அவா இல்லை. எல்லாருக்கும் தலை இருக்கு."

"வழிகாட்டிக்குப் போன் எடும்."

கெனத்தின் குரல் களைத்திருந்தது. கிளோறியா ஆங்கிலத்தில் கேட்க, அவன் இதே பதிலைப் பல பேருக்குச் சொல்லிச் சலித்த தொனியில் சொன்னான். மூன்று பேர். நான்கு பேருக்கென்று நான்கு தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தான். ஒன்று மூடி திறக்காமல் திரும்பி வந்தது. இன்னும் ஒருவர் வரவேண்டுமா என்று கேட்டதற்கு, அந்தப் பெரியவர் முன் இருக்கையில் ஏறி, பட்டியைப் போட்டுக்கொண்டு, தாங்கள் நேரம் தவறாத இனம், வண்டியை எடு என்றாராம். படம் எடுத்தது யார்? அவன்தான். மூன்று பேர் சொல்வதை விட்டு ஒருவன் சொல்வதை எப்படி நம்புவது என்று பொலிஸ் கேட்கிறது. கம்பனி அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது.

"அந்த அம்மா உண்மையிலேயே இருக்கிறாரா?" என்று கடைசியில் அவன் கேட்டான். "எனக்கே சந்தேகம் வந்துவிட்டது."

கிளோறியா அடுத்ததாகக் கிருபாஷினியை அழைத்தாள். ஸ்ரிபன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, விமான நிலையத்துக்கு அம்மா ஆற்ற காரில வந்தவா?"

"அப்பான்ர காரில. நான் என்ர வீட்டில இருந்து நேர போயிட்டன். அப்பான்ர காரைத் தம்பிதான் ஓடினவன்."

"தம்பி பக்கத்தில நிக்கிறாரோ? குடும்."

ஜெனோஷன் டேனிஷில் தொடங்கி, பிறகு தமிழுக்கு வந்தான். "அம்மா அக்கான்ர காரில. அப்பா அப்பிடித்தான் சொன்னவர். எடு, எடு, அவா அக்காவோட வருவா எண்டு."

 அங்கே அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது இங்கே கேட்டது.

"ரெண்டு காருக்கும் இடையில ஒரு றோட்டு இருக்கு," என்றாள் கிளோறியா. "அம்மா அந்த றோட்டிலதான் நிண்டிருப்பா."

கிருபாஷினி அழுதுகொண்டே சொன்னாள். மலிவான விமானம், ஆளுக்கொரு மூலையில் இருக்கை. அப்பா தனக்கு மட்டும் காசு கட்டி முதல் வரிசை எடுத்திருந்தார். அவளுக்கு வாந்திக் குளிசை போட்டால் நித்திரை வந்துவிடும். வானின் கடைசி இருக்கையில் படுத்துவிட்டாள். அம்மா முன்னுக்கு இருக்கிறா என்று அவள் நினைத்தாள். பின்னுக்கு இருக்கிறா என்று தம்பி நினைத்தான். கோட்டைகளில் அவன் ட்ரோன் பறக்க விட்டுக்கொண்டு மேலே பார்த்தபடியே நடந்தான். அப்பா எதையும் நினைக்கவில்லை.

"எப்ப தெரிய வந்தது?"

"இரவு. ஹோட்டலில."

"அப்ப ஏன் நாலு மணி, கோட்டை?"

"முழுப் பகலும் தேடேல்லை எண்டு சொன்னால் ஆக்கள் என்ன நினைப்பினம் எண்டு அப்பா கேட்டவர். நாங்களும்..." அவள் மூக்கைச் சிந்தினாள். "நான் இப்பவே பொலிசுக்கு எடுத்துச் சொல்லுறன் அண்ணை. அம்மா உயிரோட இருக்கிறாவோ?"

 ஹோர்சன்ஸில் ஒரு வாசலில் விடியற்காலையில் தனியாக விடப்பட்ட பெண் ஐந்து நாளாக வீட்டிலும் இல்லை, பராமரிப்பு இல்ல வேலைக்கும் போகவில்லை. ஸ்கொட்லாந்துக் கடலுக்குப் பதிலாக இப்போது முழு யூலாந்துத் தீபகற்பத்தையும் தேட வேண்டியதாகிவிட்டது. வைத்தியசாலைகளுக்கு எடுப்பதா, குளக்கரைகளைப் பார்ப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கிளோறியா ஸ்டியரிங்கில் தலையை மெதுவாக இடித்துக்கொண்டிருந்தாள்.

"மோன்ஸ்," என்றாள்.

"என்ன?"

"சனிக்கிழமை. காலமை பஸ். உறைப்பு. அண்ணை, இந்த ஊரில காலங்காத்தால மட்டன் ரோல்ஸோட பஸ்ஸில ஏறி, டிரைவருக்கும் ஒண்டு குடுக்கிற ஆள் எத்தினை பேர் இருப்பினம்?"

மோன்ஸ் உற்சாகமாகப் பதில் சொன்னான். ஓம், நீலப் பெட்டி. நல்ல மனிசி. அந்தச் சாமானின் செய்முறை கிடைக்குமா? புகையிரத நிலையத்தில் இறங்கினாள். ஹொல்ஸ்டெப்ரோ ஊருக்குப் போக வெய்லயில் ரயில் மாற வேண்டுமா என்று கேட்டாள். அவன் ஓம் என்றான். அப்போதுதான் வாய் எரியத் தொடங்கியது.

ஹொல்ஸ்டெப்ரோவில் யார் என்று மறுபடி கிருபாஷினியைக் கேட்டார்கள். "மரினா அன்ரி. அம்மான்ர ஒரே சிநேகிதி. அவா பெந்தெகொஸ்தே சபைக்கு மாறின பிறகு கதைக்க வேண்டாம் எண்டு அப்பா சொன்னவர். சங்கத்துக்குக் கூடாதாம்."

ஹொல்ஸ்டெப்ரோ போய்ச் சேரும்போது மழை தூறியது. இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது மனோன்மணியேதான். கம்பளிச் சட்டை, கையில் கோப்பி. உள்ளே அடுப்படியில் மரினா எதையோ கருக்கிக்கொண்டிருந்தாள். சப்பாத்து அடுக்கின் மேல் நீலப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அவர் அனுப்பினவரோ?" என்று கேட்டாள்.

"அவர் அனுப்பினது ஸ்கொட்லாந்துக்காரனில பிழை பிடிக்க," என்றார் ஸ்ரிபன். "உங்களைத் தேடச் சொல்லேல்லை."

"அதுதானே பாத்தன்," என்று மனோன்மணி வழிவிட்டாள்.

கதை சின்னது. வெளிக்கிடும் நேரம் அடுப்பை நிற்பாட்டினேனோ என்று பார்க்க உள்ளே போனாள். திரும்பி வந்தால் கார் இல்லை. விளையாட்டு என்று நினைத்தாள். அந்த வீட்டில் யாரும் விளையாடுவதில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பெட்டியோடு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் நாயோடு வந்து காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

"நீங்கள் போன் எடுத்திருக்கலாமே அக்கா," என்றாள் கிளோறியா.

"எடுத்திருக்கலாம். கையிலதான் வச்சிருந்தன். முதல் அவை எடுக்கட்டும் எண்டு நினைச்சன். பிளேன் ஏற முதல் எடுப்பினம். இல்லை. சரி, இறங்கினாப் பிறகு எடுப்பினம். இல்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் கட்டாயம் தேடுவினம் எண்டு இஞ்ச மரினாவோட பந்தயம் வேற பிடிச்சனான்." அவள் கோப்பியை ஒரு முறை உறிஞ்சினாள். "மீன் வாங்கித் திண்டவையோ?"

"ஓம்."

"உறைப்பு இல்லையெண்டு சொல்லியிருப்பார்."

"ஓம்."

"இரவுதான் எடுத்தவர்."

ஸ்ரிபன் நிமிர்ந்தார். "ஆர்?"

"அவர்தான். நான் ஹலோ எண்டன். குளிசையை எங்க வச்சனீ எண்டு கேட்டார். கோட்டில, இடப்பக்கப் பொக்கற்றில எண்டன். சரி எண்டுபோட்டு வச்சிட்டார். பிறகு நான் போனை நிப்பாட்டினன். பிள்ளையள் எடுத்துப் பாத்திருக்குங்கள். பாவங்கள்தான். ஆனால் அதுகளும் இரவு வரைக்கும் எடுக்கேல்லைத்தானே."

ஸ்ரிபன் எழுந்து படிக்கட்டுக்குப் போனார். அங்கே நின்று இராஜநாயகத்துக்கு அழைப்பெடுத்தார். காப்புறுதிக் கம்பனிக் காலத்தில் எத்தனையோ பொய்களைக் கேட்டவர். இது அவற்றில் பெரியது என்று நினைத்தார். மனைவி உயிரோடு இருப்பது தெரிந்தும், கடலில் ஆட்களை இறக்கித் தேடவிட்டுக்கொண்டு ஒருவன் விழாவுக்குச் சால்வை தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான்.

"ஐயா, சனிக்கிழமை இரவு நீங்கள் மனோன்மணி அக்காவோட கதைச்சனீங்களோ?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லை எண்டுறன். குளிசை எங்க எண்டு கேட்டனான். அவ்வளவுதான்."

"எண்டால் கதைச்சனீங்கள்."

"அது கதைக்கிறதோ?" என்றார் இராஜநாயகம், உண்மையான ஆச்சரியத்தோடு.

ஸ்ரிபன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பொய்யாக இருந்திருந்தால் பிடித்துக் கையில் கொடுத்திருக்கலாம். இது பொய் இல்லை. அந்த மனிதரின் கணக்கில் அன்று ஒரு குரல் வந்தது, குளிசை வந்தது. பின்னால் நீட்டிய கையில் கோப்பை வந்து விழுவது போல. அந்தக் குரலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாள் என்பதை அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை.

"அக்கா சுகமா இருக்கிறா," என்றார் ஸ்ரிபன். "சுழியோடிகளை மேல வரச் சொல்லப்போறம்."

"எங்க நிக்கிறா?"

"அதைச் சொல்ல அவா விடேல்லை. உங்கட அறிக்கையை நாளைக்கு அனுப்பிவிடுறன். வழிகாட்டியில பிழை இல்லை எண்டு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கும்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு வருவாவோ?" என்று மறுமுனை கேட்டது. "இருநூறு வடை..."

ஸ்ரிபன் தொடர்பைத் துண்டித்தார்.

உள்ளே, சுழியோடிகளைப் பற்றி அப்போதுதான் கிளோறியா சொல்லியிருந்தாள். மனோன்மணியின் முகம் அன்று முதல் தடவையாக வெளிறியது. "எனக்காகக் கடலுக்க இறங்கினவங்களோ? முன்னப் பின்னத் தெரியாத பெடியள்?" கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். ஸ்கொட்லாந்துப் பொலிசுக்கு, பராமரிப்பு இல்லத்தில் கிழவர்களுக்கு விளங்கப்படுத்திப் பழகிய நிதானத்தோடு, பெயரைச் சொல்லி, பிறந்த திகதியைச் சொல்லி, தான் சாகவில்லை என்று சொன்னாள். வழிகாட்டிப் பெடியனின் வேலை போகக் கூடாது என்றும் இரண்டு தரம் சொன்னாள். அதன் பிறகு பிள்ளைகளுக்கு எடுத்தாள். மகள் அழுது முடியும் வரை கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிக்கிடும்போது கிளோறியா கேட்டாள்: "வீட்டை போவீங்களோ அக்கா?"

"இஞ்சத்தைப் பராமரிப்பு இல்லத்தில ஆள் தேவையாம். திங்கக்கிழமை வரச் சொன்னவை," என்றாள் மனோன்மணி. "அங்க கட்டிலில கிடக்கிற கிழவனுகள்கூட முகத்தைப் பாத்துத்தான் தண்ணி கேப்பினம்."

கார் வெய்ல தாண்டும் வரை கிளோறியா ஒரு பகிடியும் விடவில்லை. ஸ்ரிபனுக்கு அது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. கிளோறியா போயே தீர வேண்டும் என்று ஸ்ரிபனையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தாள். திருமதி இராஜநாயகம் தவிர்க்க முடியாத காரணத்தால் லண்டனில் நிற்பதாக அறிவிப்பாளர் வருந்தினார். வெறும் கதிரையில் ஒரு பூச்செண்டை வைத்தார்கள். கிருபாஷினியும் ஜெனோஷனும் வரவில்லை. 'சேவைச் சிகரம்' சால்வையோடு எழுந்து, சரித்திரத்தைக் கவனிக்காத இனம் அழியும் என்றும், ஸ்கொட்லாந்துக் கோட்டைகள் நமக்குச் சொல்லும் பாடம் அதுவே என்றும் முழங்கினார். இடையில் மூக்குக் கண்ணாடிக்காக வலது கையைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டினார். பின்னால் இருந்த செயலாளர் அதைப் பாராட்டுக்கு என்று நினைத்துக் குலுக்கினார். சபை கைதட்டியது.

பிறகு தேநீர் கொடுத்தார்கள்.

வடையில் உப்புக் குறைவு என்று எல்லோரும் கதைத்தார்கள்.